ஃப்ளெக்ஸில் ஏறிய பாஸ்வேர்ட்

இளவரசன் துபாய்க்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் அவன் மகனுக்குக் காதுகுத்து. செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நிற்க, தங்கை ஜெயசுதா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வைஃபை பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போண்ணா. நான் எல்லாத்தையும் மாத்திக்கிறேன்."

"உனக்கு இன்னாத்துக்கு அது? நோண்டி வெச்சிடுவ. லீவுல வந்து நானே மாத்துறேன்."

கார் போய்விட்டது. எதிர்க் கம்பத்தில் காதுகுத்து ஃப்ளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசையாக நிற்க, அவர்கள் காலடியில் கொட்டை எழுத்தில் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும். வல்லத்துச் சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதென்று இளவரசன் செய்த ஏற்பாடு அது. விருந்து முடிந்தும் ஃப்ளெக்ஸை யாரும் கழற்றவில்லை. அதன் அடியில் தெருவே உட்கார்ந்து போனைத் தேய்த்தது.

புருஷன் வீடு வேண்டாமென்று திரும்பி வந்த ஜெயசுதாவுக்குச் சோறு போட்டது கல்யாண ஆல்பம். போட்டோக்காரர்கள் தரும் படங்களை முன்னறைக் கணினியில் பொறுக்கி எடுப்பாள். உள்ளறைக் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்குவாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படம் போவது வைஃபை வழியாகத்தான். இணைத்துக் கொடுத்த அண்ணன், அந்த வைஃபைக்குள் வரும் எவன் வேண்டுமானாலும் படங்களைத் திறக்கும்படி விட்டிருந்தான். நம் வீடுதானே என்று அவளும் இருந்துவிட்டாள்.

அந்த வாரமே போட்டோக்காரர் கன்னியப்பன் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது? தளவானூர் பொண்ணு, நலங்குல மஞ்சத்தண்ணியோட நிக்கிறத எவனோ ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கான்! பொண்ணூட்டுக்காரங்க என் கடைக்கு வந்து சட்டையப் புடிக்கிறாங்க."

படங்கள் இருந்த டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னால் மற்ற போட்டோக்காரர்களும் வரமாட்டார்கள். அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"சொந்தக்காரப் பசங்க எவனாச்சும் எடுத்திருப்பான், வுடு. இதுக்குப் போயி டென்ஷன் ஆவுற!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் தலைக்கேறியது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி, வைஃபை பெட்டியில் போட்டதையெல்லாம் அழிக்கும் பின்பக்க ரீசெட் ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தாள். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. டிவியில் நெட் வழியே ஓடிய சீரியல் நின்றது.

"இன்னாடி பண்ற? அவன் போட்டதாச்சே!" அப்பா தனகோட்டி எழுந்தே விட்டார்.

"நைனா, வாசக்கதவு சாவியக் கம்பத்துல கட்டித் தொங்க வுடுவியா?"

"கதவும் இதுவும் ஒண்ணாடி?"

"ஒண்ணுதான். உனுக்கும் உம்மவனுக்கும்தான் அது புரியல."

நெட் தரும் கேபிள்காரரிடம் இணைப்பு விவரம் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். அட்மினுக்கு ஒரு பாஸ்வேர்ட், வைஃபைக்கு வேறொன்று, படங்கள் இருக்கும் இடத்துக்கு இன்னொன்று. அவளுடைய இரண்டு கணினிகளைத் தவிர வேறெதுவும் அந்தப் படங்களைத் தொட முடியாது. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி ஃப்ளெக்ஸைக் கிழித்து இறக்கினாள்.

"நல்ல காரியத்துக்குக் கட்டினத கிழிக்கிறாளே, வாழாவெட்டிக்கு எவ்ளோ திமிரு பாரு," என்றாள் எதிர்வீட்டு மகாலட்சுமி.

"உம்பையன் போனக் கொண்டா, யாரு படம் இருக்குதுன்னு பாக்கலாம். அப்புறம் பேசு!"

மகாலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஜெயசுதா தளவானூருக்கு பஸ் ஏறினாள். அந்த நலங்குப் பெண் மோனிகாவின் அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "தப்பு எங்க வூட்டுதுதான். இன்னிமே நடக்காது," என்று ஜெயசுதா நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பினாள். மோனிகா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வேலை வரவில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டை, கடை நோட்டீஸ் என்று கிடைத்ததைச் செய்தாள். அண்ணன் கேட்டபோதும் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை.

மறு வருஷம் ஆவணியில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் தளவானூர் மோனிகா. வளைகாப்பு படம் உங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு வீட்ல ஒரே சண்ட. நானே எடுத்துட்டு வர்றேன். ஆல்பம் முடியற வரைக்கும் உங்க பக்கத்துலயே உக்காந்திருப்பேன், கோச்சிக்காதீங்க."