தினமும் வேலையை விடும் செஃபெரினா

வில்லாரிக்கா ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் செஃபெரினா தினமும் வேலையை விட்டுவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "இதோ பாருங்க, நாளைக்கு நான் வரமாட்டேன். வேற இளிச்சவாச்சியைத் தேடிக்கங்க" என்பாள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஊசித் தட்டை யார் இப்படிப் போட்டுவிட்டுப் போனது என்று கத்திக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்காக இதே கூத்து.

தொண்டு செய்யப் பிறந்தவள் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். மாமா ஒருவர் ஆளுங்கட்சியில் இருந்தார், வேலை கிடைத்தது. ரத்தத்தைப் பார்த்து முதல் வாரமே இரண்டு தடவை மயங்கி விழுந்தவள், மூன்றாவது தடவை விழ வெட்கப்பட்டு எப்படியோ சமாளித்துக்கொண்டாள்.

கொரோனா வந்ததும் ஆஸ்பத்திரி இயக்குநர் செய்த முதல் வீரச்செயல், தெரெரேவைத் தடை செய்தது. ஒரே குவளையில் ஊற்றிய மூலிகைத் தண்ணீரை ஒரே உறிஞ்சுகுழலில் மாற்றி மாற்றிக் குடித்தபடி ஊர்வம்பு பேசுவதுதான் அவர்களுக்கு ஓய்வு. இனி அவரவர் குவளை, அவரவர் மூலை. நியாயம்தான். ஆனாலும் சுவரைப் பார்த்துக் குடித்தால் தொண்டையில் இறங்குமா?

அடுத்தது, மனவுறுதி பற்றித் திரையில் ஒரு வகுப்பு, அதுவும் சாப்பாட்டு நேரத்தில். தலைநகரத்து அம்மாள் ஒருத்தி மூச்சை இழுத்து விடச் சொன்னாள்.

"மனசு கல்லாட்டம் இருக்கும்மா. காலுதான் வீங்கிக் கெடக்கு. காலுக்கு ஏதாச்சும் வகுப்பு உண்டா?" என்று கேட்டாள் செஃபெரினா. அம்மாள் திரையிலிருந்து மறைந்துபோனாள். இணைப்பு அறுந்துவிட்டதாம்.

கொரோனா வார்டின் மூன்றாம் படுக்கையில் பொலி. பஸ்ஸில் சிப்பா ரொட்டி விற்பவள். தினமும் செஃபெரினாவை வம்புக்கு இழுப்பவள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்தும் வாய் ஓயவில்லை.

"வெள்ளிக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன் பொலி. உன் வாயத் தாங்க முடியல" என்றாள் செஃபெரினா.

வியாழக்கிழமை, செஃபெரினா சாப்பிடப் போன நேரத்தில் பொலி செத்துப்போனாள்.

அன்று சாயங்காலம் செஃபெரினா, நாளைக்கு வரமாட்டேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனாள். கூட வேலை பார்க்கும் லிப்ராதா, மறுநாள் விடிந்ததும் செஃபெரினாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். செஃபெரினா கோழிக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரல. போடி."

"தெரியும்."

"பொலிகிட்ட பொய் சொல்லிட்டேன். வீட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டு சோறு திங்கப் போயிட்டேன். இப்ப என்ன, என்னைத் தேத்த வந்தியா?"

"உன்னைத் தேத்தணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" லிப்ராதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு அந்த வார்டுக்குள்ள தனியாப் போகப் பயமா இருக்குடி. நீ கத்துற சத்தம் கேட்டாத்தான் உள்ள எல்லாரும் உசுரோட இருக்காங்கன்னு நம்புறேன்."

செஃபெரினாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் கத்தலை ஒருவரும் நல்லதாகச் சொன்னதில்லை. மிச்சச் சோளத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டுச் சீருடையை எடுக்க உள்ளே போனாள்.

"சீக்கிரம் அழுது முடி," என்று உள்ளிருந்து கத்தினாள். "நீ மூக்கொழுகிக்கிட்டு வந்தீன்னா பஸ்காரன் ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவான்."