பம்ப்புக்கு ஒரு நாள் லீவு

வஜீஹாவின் பிஎச்.டி. ஒரு நடுக்கத்தை நம்பி நின்றது. அடையாறில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில், குளிர்ந்தால் மின்சாரம் தடையே இல்லாமல் பாயும் ஒரு கறுப்புப் படலத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதன்மேல் லேசர் துடிப்பு ஒன்றை அடிப்பாள். உள்ளே வரிசை கட்டி நிற்கும் அணுக்கள் அதிரும். நூலிழை தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு அந்த அதிர்வைக் காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூற்றேழில், ஆயுத பூஜைக்கு முதல் நாள், அதிர்வு திரையில் தெரிந்தது.

"ஒரு தரம் வந்தா போறாது. இன்னொரு தரம் காட்டு, தீசிஸ் எழுத ஆரம்பிச்சுடலாம்" என்றார் பேராசிரியர் கல்யாணராமன்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சிக்கூடத்துப் பூஜையில் நடந்தது, டெக்னீஷியன் சாய்நாத் சொல்லித்தான் அவளோடு ஆராய்ச்சி செய்த எனக்குத் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவன் படலம் இருந்த பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சும் வெற்றிட பம்ப்பின் முன் நின்றான்.

"இன்னா மேடம், எல்லா மெசினுக்கும் லீவு, இது மட்டும் ஓடிக்கினு கீது?"

பம்ப் நின்றால் காற்று கசியும், குளிர்ந்த படலத்தில் தண்ணீர் கோத்து அது பாழாகும் என்பது அவளுக்குத் தெரியும். கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த பேராசிரியரைப் பார்த்தாள்.

"ஆஃப் பண்ணிடுங்கண்ணா" என்றாள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தோம். ஐஸ் தண்ணீர்ச் சொம்பு மாதிரி உள்ளே வியர்த்துக் கிடந்தது. வெளியூரில் கெஞ்சி வாங்கிய ஒரே படலம் அது. மறுபடி குளிர வைத்தாள். திரையில் நேர்கோடுதான் வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

"உங்க பூஜை அன்னிக்கு நான் போய், மெசினை நிறுத்தாதீங்கன்னு சொன்னா... தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயந்துட்டேன், ஹம்சா."

மூன்று வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். எனக்குச் சுருக்கென்றது.

கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அசடு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பொட்டை வெச்சுட்டு ஓட விட்டிருப்பேனே" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "நான்னா உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார்.

வேறு படலம் கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. அதுவும் சரியாக ஆயுத பூஜையை ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. சாய்நாத் சந்தனக் கிண்ணத்தோடு பம்ப் பக்கம் வந்தான். வஜீஹா சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"பொட்டு வைங்கண்ணா. சுவிட்சுல கை வைக்காதீங்க."