அண்ணியின் கருவளையம்

ஈரமான தேயிலைப் பைகள் இரண்டை அண்ணியின் மூடிய கண்களின் மேல் வைத்துவிட்டு, "அசையாதீங்க அண்ணி, அரை மணி நேரம்" என்று நான் அதட்டிய ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் வாசனையோடு நினைவில் இருக்கின்றன. மலேசியாவின் ஜொகூர் பாருவில், லார்கின் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. கூடத்தில் பாய் விரித்து, தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அண்ணி படுத்திருப்பார். தேயிலைச் சாறு காதோரமாக வழிந்து துண்டில் பழுப்பாக இறங்கும். நான் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். எனக்கு அப்போது இருபது வயது. அங்கேயே ஓர் அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சான்றிதழ் கைக்கு வரவில்லை, ஆனால் வாய் மட்டும் முன்கூட்டியே தேர்ச்சி பெற்றுவிட்டது.

அண்ணி பாலோ என்ற சிற்றூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் கடக்க வேண்டும் என்பதால் கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்து மணிக்கே கீழே வந்து ஹாரன் அடிக்கும். கல்யாணத்தின்போது எடுத்த படங்களில் அவர் கண்ணுக்குக் கீழே லேசான நிழல் மட்டும்தான் இருக்கும். இரண்டே வருடத்தில் அது யாரோ கட்டைவிரலால் மையைத் தொட்டு இழுத்துவிட்டதைப் போல் ஆகிவிட்டது. கோவிலில் பார்ப்பவர்கள், கீழே கடைக்காரர், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ராத்திரி தூங்கலையா?" அண்ணி அதற்குச் சிரிப்பார். சிரித்தால் அந்தக் கருமை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வரும்.

எனக்கோ அந்த முகம் ஒரு பரீட்சைத் தாள். பள்ளியில் கருவளையத்துக்குப் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதிப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு அடியில் உள்ள தோல் மிக மெல்லியது, கீழே ஓடும் இரத்தம் வெளியே தெரியும். தூக்கம் குறைந்தால் தோல் வெளிறி அது இன்னும் கருப்பாகத் தெரியும். இரத்தச் சோகை இருக்கலாம். ஒவ்வாமையால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்தும் வரலாம். பரம்பரையாகவும் வரும், அப்படி வந்தால் அசையவே அசையாது. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் வெள்ளரிக்காய். ஒரு வாரம் உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்த சாறு. பாதாம் எண்ணெய் தடவி மோதிர விரலால் மட்டும் தொட்டுத் தேய்ப்பது, ஏனென்றால் அந்த விரலுக்குத்தான் பலம் குறைவு. கண்ணைக் கசக்குகிறாரா என்று வேவு பார்த்தேன். கீரை சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது என்று சாப்பாட்டு மேசையில் உபதேசம் செய்தேன். அந்தக் கீரையை ஆய்ந்து, கழுவி, சமைத்து என் தட்டிலும் வைத்தவர் அவர்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது மட்டும் அண்ணி கொஞ்சம் பேசுவார். பாலோவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும், அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவருக்கு இங்கே அமைதியில் தூக்கம் வரவில்லை என்பார். சில சமயம் பாதி வாக்கியத்தில் குரல் நின்றுவிடும். தூங்கியிருப்பார். நான் நேரம் முடிந்ததும் கடமை தவறாமல் தட்டி எழுப்புவேன். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல் இருக்கிறது.

ஒரு நாள் சமையலறைப் பக்கம் போனபோது அண்ணி தொலைபேசியில் அவருடைய அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஒரு மாசம் அங்க வந்து இருக்கட்டுமாண்ணே? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. தூங்கணும், அவ்வளவுதான்." அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் அந்த அண்ணனுக்குப் பட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு தங்கையை நேரில் பார்த்து, தேவைப்பட்டால் கையோடு அழைத்துப்போக வருவதாகச் சொல்லியனுப்பினார்.

என் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த ஞாயிறு காலை என்னை ஓரமாக அழைத்தார். "அவ மூஞ்சியப் பாருடி. நாம என்னமோ அவளப் பட்டினி போட்ட மாதிரி இருக்கு. அவங்க அண்ணன் பார்த்தா என்ன நெனைப்பான்? நீ படிக்கிற படிப்பக் கொஞ்சம் காட்டு." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் முதன்முதலாக யாரோ என் படிப்பை மதித்துக் கேட்கிறார்கள். அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணி மறுக்கவில்லை. பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் நிறத்துக்குக் கருவளையத்தின் மேல் நேராகத் தோல் நிறத்தைப் பூசினால் சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு நிறப் பூச்சு, கருமையைக் கொல்ல. அதன் மேல் தோல் நிறக் கன்சீலர், ஒற்றி ஒற்றி. கடைசியில் பவுடர். அன்றைக்கு என் கை அப்படியொரு கை. பள்ளி ஆசிரியை பார்த்திருந்தால் அங்கேயே சான்றிதழைக் கொடுத்திருப்பார். இரண்டு வருடக் களைப்பை அரை மணி நேரத்தில் துடைத்து எடுத்துவிட்டேன்.

அண்ணியின் அண்ணன் பத்து மணிக்கு வந்தார். கூடை நிறைய டுக்கு, ரம்புத்தான் பழங்கள். உட்கார்ந்ததும் தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லாத்தானே இருக்க பாப்பா? போன்ல பேசினத வெச்சு நான் பயந்தே போயிட்டேன். முகத்துல ஒண்ணும் தெரியலையே." அண்ணி வாயைத் திறந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மா, என் அண்ணன், நான். "ஆமாண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பிறகு எழுந்துபோய் எல்லாருக்கும் சமைத்தார். சாப்பிட்டுவிட்டு அவர் அண்ணன் தனியாகவே பாலோவுக்குத் திரும்பினார்.

அதன் பிறகு அண்ணி எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் அண்ணன் பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து வந்தால் சாப்பிடுவார், பந்து விளையாட்டு பார்ப்பார், தூங்குவார். கெட்டவர் அல்ல, கண் இருந்தும் பார்க்காதவர். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். ஒரு நாள் அண்ணி கம்பெனி பஸ்ஸில் போனார், திரும்பி வரவில்லை. சிங்கப்பூரிலேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு வக்கீல் கடிதங்கள், பிறகு அதுவும் முடிந்துபோயிற்று. "இனிமே அந்தப் பேச்ச இந்த வீட்ல எடுக்கக்கூடாது" என்றார் அம்மா.

அண்ணி போனதும் அவர் செய்த வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. மூன்று பேருக்குச் சமைத்து, டப்பாவில் கட்டி, துணி துவைத்து, வகுப்புக்கும் ஓட வேண்டும். மூன்று மாதத்தில் பள்ளிக் கண்ணாடியில் என் கண்ணுக்குக் கீழே அதே கட்டைவிரல் தடம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அத்தனை காரணம் எழுதியிருந்தேன், அதில் எங்கள் பெயர் இல்லை. விடியுமுன் எழுந்து அவர் கட்டிவைத்த டப்பாவில் ஒன்று எனக்கு. நான் வெள்ளரிக்காய் நறுக்கிய கத்தியைக்கூட அவர்தான் கழுவி வைத்தார். அன்றுதான் பள்ளிக் கழிவறையில் நின்று அழுதேன்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் அண்ணன் மறுபடி மணம் செய்துகொண்டார், வந்தவர் தங்கமான பெண். அவரையும் அண்ணி என்றுதான் அழைக்கிறேன். அழைக்கும் ஒவ்வொரு முறையும் மனசு ஒரு கணம் வேறு ஒருவரைத் தேடிவிட்டுத் திரும்பி வருகிறது. எனக்கென்று சின்னதாக ஒரு கடை இருக்கிறது. கல்யாணப் பெண்கள் வருகிறார்கள், கருவளையத்தோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். ஆனால் அண்ணனின் முதல் மணம் முறிந்ததில் எனக்கும் ஒருவர் இல்லாமல் போனார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணவன் மனைவி பிரிந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள். நாத்தனாரின் ஏக்கத்தை யார் விசாரிப்பார்கள்?

போன மாதம் ஒரு மதியம், மணப்பெண் அலங்காரத்துக்காகச் சிங்கப்பூர் போகும்போது, குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி பஸ் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். அண்ணி. முடி பாதி நரைத்திருந்தது. தொழில் பழக்கம், என் பார்வை முதலில் அவர் கண்ணுக்குக் கீழேதான் போயிற்று. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னா, இன்னும் டெஸ்ட் பண்றியா?" என்று சிரித்தார். "பாதி எங்கப்பா குடுத்தது, அது போவாது. மிச்சப் பாதி போயிருச்சுலா."

அவரோடு வந்த ஒரு பெண் என்னைக் காட்டி யார் என்று கேட்க, "என் நாத்தனா" என்றார், நேற்றுவரை ஒரே வீட்டில் இருந்தவரைப் போல. இத்தனை வருடம் சுமந்ததை அந்த வரிசையிலேயே கொட்டினேன். "அன்னிக்கு நான் பூசியிருக்கக்கூடாது அண்ணி. உங்கண்ணன் பார்த்திருப்பாரு. கூட்டிட்டுப் போயிருப்பாரு."

வரிசை இரண்டடி நகர்ந்தது. "பார்த்திருப்பாருதான்" என்றார் அண்ணி. பொய் சொல்லி என்னைத் தேற்றாதது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்தார். "ஆனா ஏன் வேணாம்னு சொல்லலன்னு தெரியுமா? நீ கண்ண மூடச் சொன்னா, அந்த அரை மணி நேரம் வீட்ல யாரும் என்னக் கூப்பிட மாட்டாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. எந்த வீட்டுக்கு? கடை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "கடைக்கு வாங்க அண்ணி. ஒண்ணும் பூச மாட்டேன். சும்மா படுத்துத் தூங்குங்க. எழுப்ப மாட்டேன்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை கடை உண்டா?"

"உண்டு" என்றேன். பஸ் வந்தது, இடம் இருந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டது. அவர் ஏறிவிட்டார், நான் அடுத்ததுக்கு நின்றேன்.

ஞாயிறு விடுமுறை என்று கதவில் ஒட்டியிருந்த தாளை மறுநாளே கிழித்துவிட்டேன். இன்றோடு நாலு ஞாயிறு ஆயிற்று. கட்டிலில் புது விரிப்பு போட்டு, வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல், தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி இன்னும் வரவில்லை.