ஒரு பிடி பொக்காளி

மிளகு வாங்கப் போன இடத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

போன அறுவடை முடிந்த சமயம். கடலோர உப்பு நிலத்தில் விவசாயம் செய்வது பற்றி, பல நாட்டு வேளாண் அதிகாரிகளுக்குக் கொச்சியில் ஒரு பயிற்சி முகாம். மட்டாஞ்சேரிவாசியான நான்தான் மொழிபெயர்ப்பாளர். விவசாயிகளின் மலையாளம் எனக்குள் போய் இங்கிலீஷாக வெளியே வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சிவகௌரிக்கு மட்டும் தமிழ்.

கடைசி நாள் மதியம் அவரை, யூதர் தெருவான ஜூ டவுனின் மிளகுக் கடைகளுக்கு அழைத்துப்போனேன். வாங்கிய மிளகை வைக்கப் பையில் இடம் தேடியவர், ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஆசையாகப் பிரித்துக் காட்டினார்.

நெல். ஒரு பிடி விதைநெல்!

"அந்தத் தங்கம்மா தந்தவ. கடல்தண்ணி ஏறி எங்கட வயலெல்லாம் உப்பாப் போச்சு அண்ணா. இதைப் போட்டுப் பார்க்கப் போறன்."

தங்கம்மா சேச்சி கொச்சியை ஒட்டிய கும்பளங்கியில் பொக்காளி பயிரிடுபவர். உப்புத் தண்ணீரையும் தாங்கி நிற்கிற நெல் அது. இரண்டு நாள் முன்பு அவர் வயலுக்குப் போயிருந்தோம். "மோளே, இது கொண்டு போ" என்று அவர் பொட்டலத்தை நீட்டியபோது, "ஆசையா தர்றாங்க, வாங்கிக்கோங்க" என்று தமிழில் சொன்னது யார்? சாட்சாத் நானேதான். சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டேன்.

அனுமதி இல்லாமல் விதை நாட்டை விட்டுப் போகக் கூடாது. பல்லுயிர்ச் சட்டம் அப்படி. அதற்கென்று கடைசி நாளான அன்று காலை ஒரு வகுப்பே இருந்தது. குரூப் போட்டோவுக்கு நேரமாகிவிட்டதென்று அதைத் தூக்கிவிட்டார்கள்! வகுப்புக் குறிப்புகளை முன்கூட்டியே படித்திருந்த எனக்கோ, பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் சிவகௌரியின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை ஃபிளைட்.

"நான் அரசாங்க உத்தியோகம் அண்ணா... ஏர்போர்ட்ல பிடிச்சால்?"

"பேசாம காயல்ல போட்டுடலாமா?" என்றேன். வீரம் அவ்வளவுதான்.

அவர் நெல்லைப் பார்த்தார். "மனம் வரேல்லை. சொல்லுவம்."

முகாமை நடத்திய விஞ்ஞானி டாக்டர் லதாவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, இருவரும் நேராகக் கும்பளங்கிக்கு வரும்படி சொன்னார்.

பொட்டலத்தைக் கண்டதும் தங்கம்மா சேச்சிக்குக் கோபம். மட்டாஞ்சேரிச் சந்தையில் தமிழ் வியாபாரிகளோடு பழகியவர், இரண்டு பாஷையும் கலந்து வெடித்தார்.

"கொடுத்ததை யாராவது திரிச்சு, திருப்பித் தருமோ?"

விதையின் விவரம் எழுத லதா நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் கோபம் பயமாக மாறியது. "இப்போ எழுதிட்டுப் போகும். நாளைக்கு, என் வித்தை நானே விதைக்கக் கூடாதுன்னு சொல்லுமோ?"

நியாயமான பயம். இந்தக் கரையிலிருந்து மிளகு கப்பல் கப்பலாகப் போனது. கூடவே மிளகுக் கொடியும் போனது. யாராவது கேட்டார்களா? கேட்காமல் விட்டதால்தான் இன்று நாடுகள் ஆளுக்கொரு சட்டத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் கடல் எல்லாக் கரையிலும்தானே ஏறுகிறது? விதையைப் பூட்டி வைத்தால் அடுத்தவனுக்குப் பட்டினி. திறந்து விட்டால் நமக்கு நாமம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பதற்குத்தான் இத்தனை ஆராய்ச்சி, கொள்கை, பயிற்சி எல்லாம்.

லதா பொறுமையாகச் சொன்னார். தன் விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும் விவசாயிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதை யாரும் தொட முடியாது. வெளிநாட்டுக்கு என்றால் மட்டும் இரு நாட்டு ஒப்பந்தம், நோய்ச் சோதனை, அனுமதி.

அப்புறம் நெல்லைக் கையில் கொட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "சேச்சி, எங்க விதை வங்கியில் பொக்காளி இருக்கு. ஆனா இந்த மாதிரி மணி இல்லை!"

முறைப்படி அனுப்புவதாகச் சொல்லி லதா நீட்டிய படிவத்தில், விதை அளித்தவர் என்ற இடத்தில் தங்கம்மா சேச்சி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சிவகௌரி வெறுங்கையோடு விமானம் ஏறினார்.

அதன்பின் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. ஆபீஸ் அலமாரியில் அந்த நெல் உளுத்துப் போயிருக்கும் என்றே நினைத்தேன். வாங்கிக்கொள்ளச் சொன்ன வாய், திருப்பிக் கொடுக்கவும் வைத்ததே என்று ஓர் உறுத்தல் வேறு.

போன வாரம் போன். "அண்ணா, வந்திட்டுது! முறையா வந்திட்டுது! சோதனைக் கூடத்தில முளைச்சும் இருக்கு!"

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. லதாவிடம் சொன்னேன். அடுத்த முகாமில் விதைச் சட்ட வகுப்பு முதல் நாள் காலையிலேயே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றே கும்பளங்கிக்கு ஓடினேன். தங்கம்மா சேச்சி முழுவதையும் கேட்டார். முளைத்துவிட்டது என்றதும் கண் லேசாகக் கலங்கியது. துடைத்துக்கொண்டு, ரொம்பக் கவலையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அங்கே தண்ணியில் உப்பு போதுமோ?"