கிணற்றடியில் கொட்டிய உப்பு

ஊரில் எல்லாருக்கும் என்மேல் ஒரு நம்பிக்கை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கை. என் வேலியில் அடுத்த வீட்டு ஆட்டைக் கட்டுவார்கள். என் முற்றத்தில் வலை காயப்போடுவார்கள். கேட்டுச் செய்கிறவர்களும் என் தங்கச்சியிடம்தான் கேட்பார்கள். அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எழுபது வயது தாண்டியும் பிற ஆண்கள் முன்னால் நின்று கதைக்க எனக்குக் கூச்சம். அதற்காக என் கிணற்றடியில் உப்பைக் கொட்டலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

எங்கள் ஊர் கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கிற மணல். இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் பாலில் ஆடை மாதிரி மேலே மட்டும் நிற்கும். ஆழத் தோண்டினால் உப்பு. மோட்டர் வைத்து அதிகம் இறைத்தாலும் உப்பு. எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெருவில் மட்டும், மூன்று கிணறுகள் அப்படித்தான் கெட்டுப்போயின. வெயில் காலத்தில் பதினொரு வீட்டு ஆட்கள் குடிக்க என் கிணற்றில்தான் அள்ளுகிறார்கள்.

அது வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு வெளியூர் இசைக்குழு ஒன்றைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற குழு. என் வீட்டு வளவுக்கு மேற்கே விளையாட்டு மைதானம், கிழக்கே கொஞ்சத் தூரத்தில் களப்பு. மதியம் லுஹர் தொழுது முடிகிற நேரம் இரண்டு லொறி வந்தது. ஒன்றில் ஜெனரேட்டர், மற்றதில் ஸ்பீக்கர் பொக்ஸும் மேடைச் சாமான்களும். பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு நிகழ்ச்சி. தங்கச்சி மதுரங்குளிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் குசினியில் அடுப்படியில் இருந்தபடி வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரேட்டரைப் போட்டதும், யாரும் பாடாமலே பொக்ஸ் எல்லாம் தேன்கூடு கலைந்த மாதிரி இரைந்தது. ஒருவர் மைக்கைப் பிடித்து "செக், செக்" என்றார். மூன்றாவது "செக்" வரவில்லை. கரண்ட் அடித்துவிட்டது. மைக்கைப் போட்டுவிட்டு ஒரு சொல் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். அது பொக்ஸ் வழியாகக் களப்பு வரைக்கும் கேட்டது.

பிறகு ஒருவரையொருவர் ஏசத் தொடங்கினார்கள். அவர்கள் கத்தியதிலிருந்துதான் விஷயம் எனக்கு விளங்கியது. ஜெனரேட்டரிலிருந்து எர்த் கம்பி ஒன்றை நிலத்தில் அடிக்க வேண்டுமாம். நிலம் ஈரமாக இருக்க வேண்டுமாம். மைதானத்து மணல் ஒரு முழம் தோண்டினாலும் மா மாதிரி உதிரும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மணல் அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது.

கரண்ட் வேலை பார்ப்பவர் சிலாபத்துச் சிங்கள மனிதர், நரைத்த தலை. அவர்தான் ஈரம் தேடிச் சுற்றி வந்து என் கிணற்றடியைக் கண்டார். குளிக்கிற, உடுப்புக் கழுவுகிற தண்ணீர் ஊறி அந்த இடம் எப்போதும் ஈரம். என் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றுக்கட்டிலிருந்து ஆறடிகூட இல்லை, அங்கே கம்பியை அடித்தார்கள். வெறும் கம்பிதானே என்று நானும் பேசாமல் இருந்தேன். அங்கேதான் நான் பிழைவிட்டேன்.

பிறகு ஒரு மூட்டை உப்பு வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் லொறியில் உப்பு மூட்டை வைத்திருப்பார்களாம். கம்பியைச் சுற்றிக் குழி வெட்டி உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எர்த் நன்றாகப் பிடிக்குமாம். பாதி மூட்டையைக் கொட்டிவிட்டார்கள். அதன்மேல் ஊற்றவும் என் கிணற்றுத் தண்ணீர்தான்.

சவுண்ட் வேலைக்குப் பொறுப்பானவர் கொழும்புத் தமிழ் ஆள், பெரிய உடம்பு. அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "கிணறு யாருட? சொல்லிட்டுத்தானே செய்றம்?"

கழகத்துச் செயலாளர் பக்கத்தில் நின்றான். சந்தியில் கடை வைத்திருக்கிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் சொன்னான்: "மாமிட. மாமி ஒண்டும் சொல்ல மாட்டா. நீங்க கொட்டுங்க."

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன். "கொட்டாதீங்க" என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சவுண்ட்காரர் மிச்ச மூட்டையைத் தூக்கக் குனிந்தார். வேறு வழி தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, என்ன இது? எழும்புங்க."

"எழும்ப மாட்டன்."

"பாடுற பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சா யார் பொறுப்பு? உயிர் விஷயம் அம்மா."

அதில் நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. "அந்தப் பிள்ளைக்கு அடிக்கக் கூடாது, மகன். பதினொரு வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிது? அதுகள்ட வயித்துக்கு யார் பொறுப்பு?"

"ஒரு மூட்டை உப்பு கிணத்த என்ன செய்யும்? எல்லா ஊரிலயும் நாங்க இப்பிடித்தான் செய்றம்."

"எல்லா ஊரிலயும் செய்யுங்க. அங்க மண் வேற. இங்க மேல கொட்டினா நாளைக்குக் கிணத்துக்குள்ள நிக்கும்."

செயலாளர் குறுக்கே விழுந்தான். "மாமி, ஆக்கள் வரத் தொடங்கிட்டாங்க. வெக்கமா இரிக்கி. தங்கச்சி மாமி வரட்டும், நான் அவவோட பேசிக்கிறன்."

"கிணறு தங்கச்சிடயா? என்ட வாப்பா எனக்குத் தந்த கிணறு. எனக்கிட்டக் கேளு."

"ஒங்கள்ட்ட கேட்டா நீங்க எங்க மாமி பதில் சொல்ற?"

யாரோ சிரித்தார்கள். மூட்டையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பயமா கோபமா என்று அப்போது தெரியவில்லை. கோபம்தான்.

"இப்ப சொல்றன். கேட்டுக்கோ. ஏலா! கொட்ட விட மாட்டன்! உப்பும் ஈரமும் வேணுமெண்டா அந்தா கிடக்கி களப்பு. அங்க மூட்ட கட்டிக் கொண்டு போகவும் தேவல்ல. போய் அங்க அடி!"

எல்லாரும் களப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிலாபத்தார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அம்மே சொல்றது சரி. களப்புச் சேறு நல்லா இழுக்கும். நாங்க ஏன் பாக்கல்ல?"

"வயர் காணாது, அவ்வளவு நீளம் இல்ல" என்றார் சவுண்ட்காரர்.

"லைட் கம்பத்து வயர் ஒண்டக் கழட்டுவம்."

"அப்ப மேடைட ஒரு பக்கம் இருட்டு."

"பாட்ட காதாலதானே கேக்கிற, மாத்தயா?" என்று அவருக்குச் சிங்களத்தில் ஐயா போட்டார் சிலாபத்தார்.

ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். கம்பியைப் பிடுங்கினார்கள். வயரை ஒட்டி நீட்டி, என் வளவுக்கு வெளியால் இழுத்துக்கொண்டு போய்க் களப்புச் சேற்றில் அடித்தார்கள். திரும்பப் போட்டபோது இரைச்சல் இல்லை. சவுண்ட்காரர் மைக்கை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், பிறகுதான் பிடித்தார். "செக்" என்றார். எத்தனை தரமும் சொல்ல முடிந்தது.

நிகழ்ச்சி ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. செயலாளர் மேடையில் ஏறி, சில கோளாறுகள் காரணமாகத் தாமதம் என்றான். யாருடைய கோளாறு என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் பாட்டு நடக்க, இந்தப் பக்கம் நான் மண்வெட்டியால் உப்பு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தேன். சிலாபத்தார் வந்து மண்வெட்டியை வாங்கினார். பத்துப் பன்னிரண்டு சாக்கு மணலை அள்ளிக் களப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்.

"இந்தப் பக்கம் வேல செஞ்சதில்ல அம்மே. தெரியாமப் போச்சு" என்றார்.

தெரியாவிட்டால் கேட்கலாம்தானே. பால் கலக்காத பிளேன்டீ ஒன்று ஊற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

காலையில் வந்த தங்கச்சிக்கு ஒழுங்கையிலேயே கதை எல்லாம் கிடைத்துவிட்டது. "நான் இல்லாத நாள் பாத்தா, ராத்தா, ஒனக்கு வாய் வரணும்? ஒருக்கா இருந்து பாத்திருப்பனே!" என்று அவளுக்குப் பெரிய கவலை. தினமும் தண்ணீரை ருசி பார்த்தோம். மூன்று நாளும் ஒன்றுமில்லை. நாலாம் நாள் பிளேன்டீயை வாயில் வைத்தேன், நாக்கின் ஓரத்தில் கரித்தது.

"ஒனக்கு நெனப்பு" என்றாள் தங்கச்சி. குடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் போய்க் கேட்டுட்டு வாறன் அவன."

"நீ இரி" என்றேன்.

ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தேன். செயலாளரின் கடையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது, ஆனாலும் போத்தலை அவன் முன்னால் வைத்தேன்.

"குடி."

"மாமி, உள்ளுக்கு வாங்க, பேசுவம்."

"முதல்ல குடி."

குடித்தான். முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"மழை வரும்மட்டும் பதினொரு வீட்டுக்கும் எங்களுக்கும் குடிதண்ணி நீதான் கொண்டுவரணும்" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பாண் வாங்க வந்த ஒரு பெண் "ஓம், அதுதான் சரி" என்றாள். அவளும் என் கிணற்றில் அள்ளுகிறவள்.

அடுத்த நாளிலிருந்து நல்ல தண்ணீர் கிடைக்கிற குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் போய், ஆட்டோவில் பிளாஸ்டிக் கான் கானாகத் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரு நாள் பிந்தினால் நான் வாசலில் போய் நிற்பேன். ஒன்றும் பேச மாட்டேன், நிற்பேன். அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு கிழமை, ஏழு நாளும், விடாமல் பெய்தது. தங்கச்சியும் நானும் கரித்த தண்ணீரை மாறி மாறி இறைத்து வெளியே ஊற்றினோம். ஒரு காலை அள்ளிக் குடித்தேன். கரிப்பு இல்லை. இன்னொரு வாய் குடித்தேன். நல்ல தண்ணீர். அல்ஹம்துலில்லாஹ் என்று கிணற்றுக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் மழையில் நனைந்துகொண்டு கான்களை இறக்கினான். வானத்தைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான்.

"மாமி, இன்னமும் கரிக்கிதா?"

தங்கச்சி வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம்" என்றேன்.

இன்னும் ஐந்து நாள் கொண்டுவந்தான்.