நிமிராமல் எழுதிய எண்பத்தாறு பேர்

1988 நவம்பர் 17, வியாழக்கிழமை, மாலை 4 மணி 35 நிமிடம். காரைக்காலில் காலையிலிருந்தே அடைமழை, கடல்காற்று வேறு.

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குவோர் சங்கம் ஒன்றில் அப்போது நான் செயலாளர். சொல்தாக்களும் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) அவர்களுடைய விதவைகளும் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். நாங்கள் பட்டியல் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்புவோம். அன்றுதான் அந்த நாள். அந்த ஆண்டுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம்.

காலையில் பொருளாளர், "நோட்டுலயும் ஒரு வரி எழுதி வச்சிக்கங்க சார்" என்றார். "அப்புறம் இந்தப் பெட்டி எதுக்குங்க?" என்று சிரித்தேன். எண்பத்தாறாவது பெயரை அடித்து முடித்தபோது மின்சாரம் போய்விட்டது. அடித்ததைப் பதிந்து வைக்கும் ஃப்ளாப்பி ஒன்று இருபத்தைந்து ரூபாய். அடிக்கடி பதிந்தால் தேய்ந்துவிடும் என்று, மாலையில் ஒரே தடவை பதியலாம் என்றிருந்தேன்.

இருட்டில் பொருளாளர், "பெட்டியையே கேளுங்க சார்" என்றார்.

மறுநாள் நாகப்பட்டினத்திலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, ஃப்ளாப்பியில் ஏறாதது இனி கிடைக்காது என்று சொல்லிவிட்டார். எல்லோரையும் திரும்பக் கூப்பிடலாம் என்றார் பொருளாளர். மழையில் வயதானவர்களை எப்படி அலைக்கழிப்பது என்றேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

முந்தைய ஆண்டுப் பட்டியலை வைத்தே மறுபடி தயாரித்தேன். அதில் தொண்ணூறு பேர். அன்று கொடுத்த டோக்கன் எண்பத்தாறு. ஆக, நான்கு பேர் இறந்திருக்க வேண்டும். மூன்று பேர் உறுதியாகத் தெரியும். நான்காவது யார் என்று யோசித்தபோது, போலகம் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் பாடை கட்டியதைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டு அம்மாளின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். எண்பத்தாறு சரியாக வந்ததால் சந்தேகமே எழவில்லை.

ஏப்ரலில் அந்த அம்மாள் வந்து நின்றார். அன்று பார்த்த பாடை அவருடைய தங்கைக்காம். உண்மையில் இறந்திருந்தவர், கும்பகோணத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெரியவர்.

"நாலு மாசமாப் பணம் வரலை தம்பி. விசாரிச்சா நான் செத்துப்போயிட்டேங்குறாங்க."

அன்று வந்தீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வந்தேனே. உங்க மேசைக்கு முன்னாடிதான் நின்னேன். பென்ஷன் புஸ்தகத்த வாங்குனீங்க, டக்கு டக்குன்னு தட்டுனீங்க, திருப்பிக் குடுத்தீங்க. ஒரு தடவ தலையத் தூக்கிருந்தா நான் இருக்கறது தெரிஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த நான்கு மாதமும் கறவை மாட்டை விற்றுச் சாப்பிட்டாராம்.

நானே கூட்டிக்கொண்டு மூன்று முறை புதுச்சேரிக்குப் போய் வந்தேன். ஜூலையில் பணம் வந்துவிட்டது, விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்து. மாட்டின் விலையைத் தந்துவிடுகிறேன் என்று ஏழு முறை கேட்டிருப்பேன். "அது போவுது விடுங்க" என்பாரே தவிர, எவ்வளவுக்கு விற்றார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை. யார் பேசினாலும் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஆனாலும் அதன்பிறகு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என் நோட்டில் அந்தத் தவறுக்கு எதிரே இருப்பது, இரண்டு பேருக்கு மூன்று தடவை பஸ் கட்டணம், நூற்று அறுபத்திரண்டு ரூபாய் மட்டும்தான்.