புறங்கைக்காரர்

"வாங்க" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் குழாயடிக்குப் போய்விடுவார். கரண்டு கசிகிறதா என்று பார்க்க முதலில் டெஸ்டர். அது எரியாவிட்டால் புறங்கையால் ஒரு தொடல். "உள்ளங்கைன்னா விரல் மடங்கி அப்படியே பிடிச்சுக்கும்க்கா. புறங்கைன்னா உதறிட்டு வந்துடலாம்" என்பார். எங்கள் தெருவில் ஒயரிங் வேலை பார்ப்பவர். புறங்கைக்காரர் என்றால்தான் ஆள் தெரியும். சட்டைப் பையில் ஸ்க்ரூ போட்ட சோப்பு டப்பா இருக்கும். நடந்தால் கிலுகிலுப்பைச் சத்தம்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைக்குழந்தையோடு இருக்கும் என் மகள், குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று இரண்டு நாளாகப் பிள்ளையைக் குளிப்பாட்டப் பயந்தாள். தூக்கம் கெட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தள்ளிவிட்டார்.

டெஸ்டர் எரிந்தது. புறங்கைக்காரரின் சிரிப்பு நின்றது. மெயினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இரும்புக் குழாயைச் சுற்றி எர்த்துப் பட்டை இருந்தது, பச்சைக் கம்பியும் இருந்தது. பட்டைக்கு அடியில் வெள்ளிப் பெயின்ட். பிள்ளை வீட்டுக்கு வருகிறதே என்ற ஆசையில் மாப்பிள்ளை குழாய்க்கெல்லாம் பெயின்ட் அடித்து, கழற்றிய பட்டையை அதன் மேலேயே மாட்டியிருந்தார்.

"மாப்ளே, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சிட்டீங்க. பெயின்ட் மேல கட்டினா எர்த்து எப்படிப் பிடிக்கும்?" என்று உப்புத்தாளில் பாதியைக் கிழித்து மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தார். இருவரும் உட்கார்ந்து இரும்பு தெரியும்வரை தேய்த்தார்கள். "கசியிற கரண்டு மாமியார் மாதிரி. போறதுக்கு வழி விட்டுட்டா நம்மகிட்ட சண்டைக்கு வராது." நானும் ஒரு மாமியார்தான் தம்பி என்றேன். அதன்பின் இருவரும் தலையே நிமிரவில்லை.

பட்டையை இறுக்கி மெயினைப் போட்டு, ஹீட்டர் சுவிட்சைத் தட்டினார். கரண்டு கசிந்தால் லைனை வெட்டிவிடும் ட்ரிப்பர் டப்பென்று விழுந்தது. "கசியவிட்டது ஹீட்டர்தான். எர்த்து இல்லாம இத்தனை நாளா கமுக்கமா இருந்தாரு. இப்ப மாட்டிக்கிட்டாரு" என்று ஹீட்டரின் ஒயரைக் கழற்றி எடுத்தார். நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டேன்.

மறுபடி மெயினைப் போட்டார். டெஸ்டர் எரியவில்லை. புறங்கையை வைத்தார், ஒன்றுமில்லை. அப்படியும் மகள் பிள்ளையை அணைத்தபடி கதவோரமே நின்றாள். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கையால் குழாயை இறுகப் பிடித்துத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினார்.